மாற்றி உட்கார ஓர் ஆள்

அரசு மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்ததும் காதில் விழும் கேள்வி, "பேஷன்ட் கூட யாரு இருக்கீங்க?" என்பதுதான். ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக அவர் வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர அவர் வேண்டும். ராத்திரி டிரிப்ஸ் தீர்ந்துபோனால் நர்ஸை எழுப்பவும் அவர்தான். கூட இருக்கிறவர் இல்லாமல் நம் ஊர் மருத்துவமனை ஒரு நாள்கூட ஓடாது. டிஸ்சார்ஜ் ஆனதும் அவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதி இருக்கும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று ஒரு வரியும் இருக்கும். திருப்புவது யார், அவர் எப்போது தூங்குவார் என்பதெல்லாம் அந்தத் தாளின் கவலை இல்லை.

தமிழ்நாட்டில் நோயாளியையோ முதியவரையோ மாற்றுத்திறனாளிப் பிள்ளையையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குச் சட்டமும் அரசும் ஊரும் என்ன தருகின்றன, அதில் எவ்வளவு அவர்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்திமதி தாராளமாகக் கிடைக்கிறது. பணம் கொஞ்சம் கிடைக்கிறது. மாற்றி உட்கார ஆள்தான் கிடைப்பதில்லை. முதலில் தேவைப்படுவதோ அந்த ஆள்தான்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்து, விழுங்கவும் முடியாத ஒருவரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. அதில் நான்கைந்து முறை நடுராத்திரியில். சாப்பாடு மூக்குக்குழாய் வழியே. ஒவ்வொரு வேளையும் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும். குழாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று சிரிஞ்சால் இழுத்துப் பார்க்க வேண்டும். திப்பி இல்லாமல் வடிகட்டிய கஞ்சியை வேகமாகத் தள்ளிவிடாமல், தானாக இறங்கும்படி உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரம் அவரைச் சாய்த்தே வைத்திருக்க வேண்டும். உடனே படுக்கவைத்தால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். நிமோனியா வரும் வழிகளில் இது ஒன்று. இப்படி ஐந்தாறு வேளை. நடுவில் மாத்திரைகளைப் பொடித்துக் கரைப்பது, யூரின் பையைக் காலி செய்வது, டயப்பர் மாற்றுவது, இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, விரைத்த கையையும் காலையும் மடக்கி நீட்டிவிடுவது. கரண்ட் போனால் ஏர் பெட்டின் மோட்டாரும் நின்றுபோகும், அதையும் கவனிக்க வேண்டும். ஒரு முறை திருப்பத் தவறினால் எதுவும் தெரியாது. தொடர்ந்து தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும், அதை ஆற்ற மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவையும் செய்கிறவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய பெண். அவருக்கே சர்க்கரையும் முட்டிவலியும் இருக்கும். பார்க்க வருகிறவர்கள், "உன்ன மாதிரி மருமக கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உதவிக்குப் பதிலாகப் பாராட்டைக் கொடுத்துத் தப்பித்துக்கொள்வதில் நாம் கைதேர்ந்தவர்கள்.

எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று சுற்றிவளைத்துத்தான் கணக்கிட முடிகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுவரையிலான பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டில் உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஈடுபடுகிறார்கள், நாளொன்றுக்குச் சுமார் 140 நிமிடம். ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். இதில் குழந்தை வளர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, உள்ளறையில் இருமல் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டி வைத்திருக்கும் நேரம் எந்தக் கணக்கிலும் முழுதாக விழாது. 2021 நிலவரத்துக்கான மக்கள்தொகை மதிப்பீட்டில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 13.6, கேரளத்தில் 16.5. இந்திய முதியோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் கீழே போய் வெகுநாளாயிற்று. முன்பு ஐந்து பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்தார்கள். இப்போது ஒன்றோ இரண்டோதான். அதிலும் ஒன்று துபாயிலோ பெங்களூரிலோ இருக்கும். அங்கிருந்து பணம் வரும், வீடியோ காலில் யோசனையும் வரும்.

நம் நாட்டுக் குடும்ப அமைப்பே நோயாளிக்குப் பெரிய பலம் என்று மருத்துவக் கூட்டங்களில் பேசப்படுவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று யோசிப்பேன். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வார்டில் இடமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் நல்லது நடந்தது. உறவினர் பக்கத்தில் இருந்ததால் நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள். நோய் என்றால் என்னவென்று குடும்பத்தாரும் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அடைத்துவைத்துவிட்டு மறந்துவிடுவதே மனநல மருத்துவம் என்றிருந்த காலத்தில் இது பெரிய காரியம். வேலூர் சிஎம்சி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம், நோயாளியுடன் வீட்டார் ஒருவர் தங்குவதையே விதியாக்கிக்கொண்டது. மேல்நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த நாட்களில் இங்கே குடும்பமே சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது.

இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் பற்றாக்குறையில் பிறந்த ஏற்பாட்டையே காலப்போக்கில் பண்பாடு என்று பெயர் சூட்டி உட்கார்த்திவிட்டோம் என்பது என் எண்ணம். குடும்பம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்ற நிம்மதியில் அரசு தன் பங்கைக் குறைத்துக்கொண்டது. அந்தக் குடும்பம் என்ன விலை கொடுக்கிறது என்பதை அளக்கும் கருவி 1981இல்தான் வந்தது. பெங்களூரில் ஷைலா பை, ஆர். எல். கபூர் இருவரும் உருவாக்கிய குடும்பச் சுமை நேர்காணல் படிவம் அது. வருமான இழப்பு, வீட்டு வேலைகள் குலைவது, ஓய்வு பறிபோவது, வீட்டாருக்குள் உரசல், வீட்டாரின் உடல்நலமும் மனநலமும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதியும் படிவம். இன்றும் இந்திய ஆய்வுகளில் அது புழங்குகிறது. சுமையை அளக்கக் கற்றுக்கொண்டோம். இறக்கிவைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அந்தச் சுமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் பார்த்தோம். தர்காவைச் சுற்றி இருந்த தனியார் காப்பகங்களில் ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்து செத்தார்கள். பலியானவர்கள் 28 பேர். காப்பகம் நடத்தியவர்கள்மீது வழக்கு நடந்தது. அது நியாயம்தான். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களும் திட்டத்தான் பேசினார்கள். வருடக்கணக்கில் தனியாகப் பார்த்து, மருந்து வாங்கக் காசு தீர்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் கல்லெறிந்து, கூடப்பிறந்த தங்கைக்கு வரன் தட்டிப்போய், கடைசியில் தர்காவே கதி என்று பஸ் ஏறிய குடும்பங்கள் அவற்றில் எத்தனையோ. அவர்கள் ஊரில் அன்றைக்கு ஒரு மனநல மருத்துவர் வாரம் ஒருமுறை வந்திருந்தாலே சிலராவது அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டார்கள்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைமீது கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்வரை ஜீவனாம்சம் வாங்கலாம். கைவிட்டுப் போனால் மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அவசியமான சட்டம்தான். ஆனால் குடும்பத்தை இந்தச் சட்டம் ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது: கடமை தவறக்கூடிய குற்றவாளியாக. கடமையைச் செய்து செய்தே ஓய்ந்துபோன மகளுக்கு இதில் கொடுக்க ஒன்றும் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஒருபடி மேல். சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்ளும் பெற்றோரும் உறவினரும் பராமரிப்பாளர்கள்தான் என்று அது வரையறுக்கிறது. அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை தரலாம் என்று 24ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு என்றும் சொல்லிவிடுகிறது. அந்தத் தொகையும் பார்த்துக்கொள்பவருக்கான உரிமையாக இல்லாமல் மாற்றுத்திறனாளியின் பெயரில்தான் வருகிறது. சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் இருக்கிறது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருக்கிறது. டிமென்ஷியா பெயர் சொல்லி இல்லை. கழிவறை எந்தப் பக்கம் என்று மறந்துபோன அப்பாவுக்கு எந்தத் தலைப்பின் கீழ்ச் சான்றிதழ் வாங்குவது என்று பிள்ளைகள் அலைவது இதனால்தான்.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம், பேச அதிகம் இல்லை. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச்சிதைவு, பார்க்கின்சன் போன்றவை உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கிறது. டயப்பர் செலவுக்கே பற்றாத தொகை என்றாலும், நேரத்துக்கு வந்தால் அது பெரிய தொகைதான். மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராகக் காட்டினால் வருமான வரியில் 75,000 ரூபாய், கடும் பாதிப்பு என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். பழைய வரிமுறையில் வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, அம்மா படுத்ததும் அதை விட்டுவிட்ட பெண்ணுக்கு இந்த வரிக்கழிவு எதற்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால், மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்பவரைச் சுழற்சி முறையில் இடமாற்றம் செய்வதிலிருந்து விலக்கு உண்டு. 2014ஆம் ஆண்டு ஆணை அது. தனியார் வேலையில் இருப்பவர் தன் சொந்த லீவை எடுத்துக் கரைக்க வேண்டியதுதான். கேரளத்தில் 'ஆஸ்வாசகிரணம்' என்ற திட்டம், முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கென்றே மாதம் 600 ரூபாய் தருகிறது. தொகை சொற்பம். பாக்கி விழுவதும் வாடிக்கை. ஆனாலும் நோயாளிக்கு இல்லாமல் பார்த்துக்கொள்கிறவருக்கு என்று ஓர் அரசு பணம் ஒதுக்கியது என்பதற்காகவே அதைக் குறிப்பிட வேண்டும்.

பணமாகக் கொடுப்பதா, ஆளாகக் கொடுப்பதா என்ற வாதம் மற்ற நாடுகளில் நன்றாக நடந்திருக்கிறது. பிரிட்டனில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண் போதகர் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக 1954இல் வேலையை விட்டார். தன்னைப் போன்ற மணமாகாத மகள்களின் நிலையைப் பற்றி 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். பதில் கடிதங்கள் வந்து குவிந்தன. 1965இல் அது ஓர் அமைப்பாயிற்று. 1976இல் பார்த்துக்கொள்பவர்களுக்கான அரசு உதவித்தொகை வந்தது. ஆனால் மணமான பெண்ணுக்குக் கிடையாது. எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்று அரசு நினைத்தது. தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஒரு மணமான மகள் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1986இல்தான் அந்தத் தடையை உடைத்தார். வீட்டில்தானே இருக்கிறாள் என்பது நம் ஊர் வசனம் மட்டும் இல்லை.

ஜெர்மனி 1995இல் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, ஆள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்று குடும்பமே தேர்ந்தெடுத்துக்கொள்ள விட்டது. 2000இல் காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பானில் குடும்பத்துக்குப் பணம் தருவதைப் பெண்கள் அமைப்புகளே எதிர்த்தன. பணம் கொடுத்தால் மருமகளை வீட்டோடு கட்டிப்போட அது இன்னொரு கயிறாகிவிடும், அரசே காசு தருகிறதே, பார்த்துக்கொள் என்பார்கள் என்று அவர்கள் வாதிட்டார்கள். அதனால் ஜப்பானில் பகல்நேர மையம், வீட்டுக்கு வரும் உதவியாளர், சில நாட்கள் மட்டும் தங்கவைத்துக்கொள்ளும் இடம் என்று சேவையாகவே தருகிறார்கள். நம் வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு அந்த மருமகள் வாதம் சட்டென்று புரியும். ஆனால் இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. வாங்குவதற்குச் சேவையே இல்லாத ஊரில் பணத்தையும் மறுத்தால் என்ன மிஞ்சும்? எனவே இரண்டும் வேண்டும். ஆனால் சேவையை விரிவாக்காமல் தொகையை மட்டும் நூறும் இருநூறுமாக உயர்த்திக்கொண்டே போவது மேடைக்குத்தான் உதவும்.

அடுத்தது அறிவும் ஆதரவுக் குழுக்களும். இதில் சென்னைக்கு நல்ல வரலாறு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் சாரதா மேனன் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடும்பத்தாரோடு சேர்ந்து வேலை செய்வது ஆரம்பத்திலிருந்தே அதன் வழக்கம். 1980களின் கடைசியில் மனநோயாளிகளின் குடும்பத்தாரே சேர்ந்து 'ஆஷா' என்ற அமைப்பை நகரில் உருவாக்கினார்கள். டிமென்ஷியாவுக்கென்று 1992இல் கேரளத்தில் தொடங்கிய ஏஆர்டிஎஸ்ஐ அமைப்பின் கிளை சென்னையிலும் இருக்கிறது. முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416 என்று தொலைபேசி எண்கள் வந்துவிட்டன. தமிழிலேயே பேசலாம்.

இத்தகைய குழுக் கூட்டங்களில் என்ன நடக்கும் என்பதை வெளியில் இருப்பவர்கள் தவறாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். எல்லோரும் உட்கார்ந்து அழுவார்கள் என்று. அழுகையும் உண்டுதான். ஆனால் பெரும்பகுதி நேரம் தொழில் ரகசியங்கள் கைமாறுகின்றன. குளிக்க மறுக்கும் அம்மாவிடம் 'குளி' என்று சொல்லாதீர்கள், கோயிலுக்குப் போகலாம் வாங்க என்று சொல்லிப் பாருங்கள் என்பார் ஒருவர். கதவுத் தாழ்ப்பாளைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தால் வெளியே போகத் தோன்றாது, பாத்ரூம் கதவில் பெரிதாகப் படம் ஒட்டுங்கள் என்பார் இன்னொருவர். பென்ஷனுக்கு உயிர்வாழ்ச் சான்று தரத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கிக்கொள்வார் என்று மூன்றாமவர் சொல்ல, நாலு பேர் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். இதெல்லாம் எந்த மருத்துவரும் சொல்லித்தராதது. சொல்ல அவருக்கு நேரமும் இல்லை. அண்ணன் ஒரு பைசா தருவதில்லை, ஆனால் போனில் குறை மட்டும் சொல்கிறான் என்பதை உறவுக்காரரிடம் சொன்னால் குடும்பச் சண்டையாகிவிடும். இங்கே சொன்னால் பத்துத் தலைகள் ஆமாம் என்று ஆடும்.

இவற்றால் பயன் உண்டா என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. டிமென்ஷியா நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களை வைத்துக் கோவாவில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் நோயைப் பற்றி விளக்கினார்கள், முரண்டுபிடிக்கும்போது எப்படிக் கையாள்வது என்று காட்டினார்கள், அரசு உதவிக்கு மனு எழுத வழிசொன்னார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்பவர்களின் மனநலம் மேம்பட்டது. வந்தவர்கள் மருத்துவர்கள் இல்லை, செவிலியர்களும் இல்லை என்பதுதான் அதில் முக்கியம்.

கூட்டம், தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டை. கூட்டத்துக்கு வர வேண்டுமானால் அந்த மூன்று மணி நேரம் வீட்டில் யாராவது இருக்க வேண்டும். யார் மிகவும் நொந்துபோயிருக்கிறாரோ அவரால் வர முடியாது. வந்து உட்காருகிறவர்கள் ஓரளவு வசதி உள்ளவர்கள், அல்லது வீட்டில் இன்னொரு ஆள் இருப்பவர்கள்.

பணம் உள்ளவர்கள் ஏஜென்சியைக் கூப்பிடுகிறார்கள். சென்னையில் 24 மணி நேர ஆயாம்மாவுக்கு ஆகும் மாதச் செலவு பல வீடுகளின் வாடகையைவிட அதிகம். அதில் ஏஜென்சி எடுத்துக்கொண்டது போகத்தான் அவர் கைக்கு. பலருக்கு முறையான பயிற்சி கிடையாது. மூக்குக்குழாயை முதன்முதலில் தொடுவதே உங்கள் வீட்டில்தான் என்றும் இருக்கலாம். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து, உங்கள் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கும் அவருக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பார். அந்த அம்மாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

பணம் இல்லாத ஊர் என்ன செய்யலாம் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் 1993இல் வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகள் கிளினிக்குக்கு வர முடியாததால், 2000களின் தொடக்கத்தில் அது அக்கம்பக்க அமைப்பாக மாறியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்த யாரும் சேரலாம். ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், மீன் விற்பவர், கல்லூரி மாணவர் என்று பலரும் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் செவிலியரோடு போவது, அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று பார்ப்பது, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பது. செலவில் பெரும்பகுதி உள்ளூரிலேயே சில்லறையாகத் திரட்டிய பணம். 2008இல் கேரள அரசு இதைக் கொள்கையாக்கியது. பஞ்சாயத்துகள் தங்கள் நிதியில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரை வைத்துக்கொண்டன. மலப்புறத்தில் மசூதிக் கமிட்டியும் கட்சிக் கிளையும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது எப்படி என்று வியக்கலாம். எனக்குத் தோன்றும் காரணம் எளியது. 'சேவை செய்யுங்கள்' என்று அவர்கள் பொதுவாகக் கேட்கவில்லை. 'செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரம்' என்று கேட்டார்கள். அளவு சொல்லிக் கேட்டால் மனிதர்கள் தருகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு நிகரான தன்னார்வ அமைப்பு ஊருக்கு ஊர் இல்லை. ஆனால் கேரளத்தில் இல்லாத அளவில் அரசு இயந்திரம் ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சுய உதவிக் குழுப் பெண்களைச் சுகாதாரத் தன்னார்வலர்களாக வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. அவர்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024இல் இந்தத் திட்டத்துக்கு ஐநா அமைப்பின் விருது கிடைத்தது. இன்னொரு பக்கம், 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருட்கள் வீட்டுக்கே வருகின்றன. இதைப் பார்த்துக்கொள்பவருக்கான திட்டம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அரிசிக்காக அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்றால் அந்த அரை நாள் யாருடையது? 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் நகரங்களில் முதியோருக்காக வந்திருக்கின்றன. நடமாடும் முதியவர்களுக்கு நல்லது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கோ, மாலையானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்பிவிடும் டிமென்ஷியாக்காரருக்கோ வேறு வகை மையம் வேண்டும், கூடுதல் ஆட்கள் வேண்டும்.

பெற்றோராக இருந்து பார்த்துக்கொள்பவர்களின் கவலை தனி. ஆட்டிசமோ மூளைமுடக்குவாதமோ உள்ள பிள்ளையின் அம்மாவிடம் எவ்வளவு நேரம் பேசினாலும் பேச்சு கடைசியில் "எங்களுக்கு அப்புறம் யாரு?" என்பதில் வந்து நிற்கும். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்காகவே வந்தது. ஆட்டிசம், மூளைமுடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படிப் பாதுகாவலரை மாவட்ட அளவிலான குழு நியமிக்கும். ஒரு லட்சம் ரூபாய்வரை 'நிராமயா' மருத்துவக் காப்பீடு, குறுகிய காலம் தங்கவைத்துக்கொள்ளும் 'சமர்த்', வாழ்நாள் முழுதும் தங்க 'கரௌந்தா' என்று திட்டங்களின் பெயர்கள் அழகாக இருக்கின்றன. தேவைப்படுவோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இல்லங்கள் மிகக் குறைவு. பிள்ளையை ஒரு வாரம் நம்பி விட்டுவிட்டுத் தன் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சையைச் செய்துகொள்ள இடம் தேடும் அம்மாவுக்கு, அப்படி ஓர் இடம் மாவட்டத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. அறுவைச் சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

இந்த நான்கு வகைக் குறைபாட்டுக்கும் பாதுகாவலரை நியமிக்க அந்த மாவட்டக் குழு இருக்கிறது. விபத்தில் கோமாவுக்குப் போனவருக்கு? கணவரின் வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கும், வீடும் அவர் பெயரில் இருக்கும், கையெழுத்துப் போட அவரால் முடியாது. சிகிச்சைச் செலவுக்கு அவர் பணத்தையே எடுக்க மனைவிக்கு வழியில்லை. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்தது. கோமாவில் உள்ளவரைப் பார்த்துக்கொள்வது சாதாரண வேலை இல்லை, அந்தப் பெண்ணை மறுபடியும் அலைக்கழிக்கக் கூடாது என்பதே அதன் போக்கு. நல்ல தீர்ப்பு. ஆனால் உயர் நீதிமன்றம்வரை போகத் தெம்பும் வக்கீலும் உள்ளவர்கள் எத்தனை பேர்? இதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை.

சுற்றிவந்து பார்த்தால், தமிழ்நாட்டு அரசின் ஆட்களில் இந்த வீடுகளின் உள்ளறைவரை பெரும்பாலும் போகிறவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' அனுப்பும் சுகாதாரத் தன்னார்வலர்தான். கட்டிலில் இருப்பவரின் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளும் அவர், கட்டிலருகே நிற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பதிவுசெய்தால்கூட ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் இரவில் நாலு மணி நேரம்கூடத் தூங்குவதில்லை, யாருக்கு மாற்றி உட்கார ஒருவரும் இல்லை என்ற பட்டியல் ஆறு மாதத்தில் கிடைத்துவிடும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, பயிற்சி பெற்ற ஒரு பெண்ணை வாரம் இரண்டு முறை மூன்று மணி நேரம் அனுப்பி உட்காரவைக்கலாம். கோவா ஆய்வில் செய்தது அதைவிடச் சிக்கலான வேலை. இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய துறை வேண்டாம். வேண்டியது கூலி. இப்போதே அந்தத் தன்னார்வலர்கள் சம்பளம் என்று சொல்ல முடியாத ஊக்கத்தொகைக்குத்தான் வெயிலில் நடக்கிறார்கள். அதே தொகையில் இந்த வேலையையும் அவர்கள் தலையில் ஏற்றினால், வீட்டுக்குள் கூலியில்லாமல் ஒரு பெண் செய்வதை வெளியிலிருந்து அரைக்கூலிக்கு இன்னொரு பெண் செய்வாள். அவ்வளவுதான் மாற்றம். மூன்று மணி நேரத்துக்கு என்ன கூலி, அதைப் பஞ்சாயத்து தருமா, சுகாதாரத் துறை தருமா என்பதிலிருந்துதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.